அப்பாவின் போன் (எலும்பு) ஸ்கேனில் பல இடத்தில் கறுப்புப் புள்ளி: எல்லாமே கேன்சர் பரவியதா?

திருச்சிக்காரன்:

வணக்கம். அப்பாவுக்கு 69 வயது. சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று காட்டப்போன இடத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 46 என்று வந்தது, அப்புறம் பயாப்ஸி, புராஸ்டேட் கேன்சர் என்று உறுதியாகிவிட்டது, கிளீசன் (கேன்சரின் வீரியத்தைச் சொல்லும் மதிப்பெண்) 4+4=8. எலும்புக்குப் போயிருக்கிறதா என்று பார்க்க யூராலஜி டாக்டர் போன் ஸ்கேன் எழுதிக்கொடுத்தார், நேற்று எடுத்தோம். டாக்டரைப் பார்க்க திங்கட்கிழமைதான் அப்பாயின்ட்மென்ட். ரிப்போர்ட்டை மட்டும் இன்று காலையிலேயே வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார்கள், அதைப் படித்ததிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ரிப்போர்ட்டில் இருப்பது: இடுப்புக்கு மேலே எல்3 முதுகெலும்பின் வலது பக்கம், இடது பக்கம் 7, 8ஆம் விலா எலும்புகள், வலது இடுப்பெலும்பு, இரண்டு முழங்கால். இத்தனை இடத்திலும் மருந்து அதிகமாகச் சேர்ந்திருக்கிறதாம். கடைசி வரியில் "பல இடங்களுக்குப் பரவியிருக்க வாய்ப்புண்டு, மற்றப் பரிசோதனைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்று போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்தால் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

கேட்க நினைப்பது இதுதான். புள்ளி விழுந்த இடமெல்லாம் கேன்சர்தானா? போன வருடம் அப்பா ஸ்கூட்டரிலிருந்து இடது பக்கமாக விழுந்தார், அப்போது நெஞ்சில் கொஞ்ச நாள் வலி இருந்தது, அதுவும் இதில் தெரியுமா? பெட் ஸ்கேன் எடுத்தால்தான் சரியாகத் தெரியும் என்று ஒருவர் சொல்கிறார், அது நிஜமா? இன்னொன்று, தங்கை ஆறு மாத கர்ப்பம், இங்கேதான் இருக்கிறாள். "அணு மருந்து ஏற்றிய ஆளை ஏன் வீட்டுக்குள் விட்டீர்கள், அந்த ஊசியே கேன்சரைக் கிளப்பிவிடும்" என்று சித்தப்பா போனில் ஒரே சத்தம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காமா கேமரா:

தம்பி, நான் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட், இந்த ஸ்கேனை எடுக்கிற வேலையில் இருப்பவன். ரிப்போர்ட் எழுதுவது டாக்டர், நான் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன் ஸ்கேன் கேன்சர் செல்லைப் பார்ப்பதில்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். ஏற்றுவது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை எம்.டி.பி. என்ற பாஸ்பேட் வகை மருந்தோடு சேர்த்தது. எலும்பு எங்கே புதிதாக உருவாகிறதோ, எங்கே ரத்த ஓட்டம் கூடுதலோ, அங்கே போய் இது எலும்பின் தாதுவில் ஒட்டிக்கொள்ளும். கேன்சர் உள்ளே புகுந்தால் சுற்றியுள்ள எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கும், அந்த வேலைதான் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் உடைந்த எலும்பும் அதே வேலையைத்தான் செய்யும், தேய்ந்த மூட்டும் செய்யும், கிருமி புகுந்த எலும்பும் செய்யும். தெருவில் மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடந்தால் அங்கே ஏதோ வேலை நடக்கிறது என்று சொல்லலாம், புது வீடு கட்டுகிறார்களா, இடிந்த சுவரைப் பூசுகிறார்களா என்று மணலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

உங்கள் அப்பா ரிப்போர்ட்டுக்கு வருவோம். இரண்டு முழங்காலிலும் ஒரே மாதிரி என்றால் அந்த வயதில் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம், அதை விடுங்கள். அடுத்தடுத்த இரண்டு விலாவில் ஒரே நேர்கோட்டில் புள்ளி விழுந்திருந்தால் அது அடிபட்ட அடையாளம் என்றுதான் முதலில் நினைப்போம், கேன்சர் இப்படி வரிசை பார்த்து உட்காருவதில்லை, விலாவில் வந்தால் எலும்பின் நீளத்துக்கே ஓடுவதுதான் வழக்கம். உடைந்த எலும்பு ஸ்கேனில் ஒரு வருடம் தாண்டியும் தெரியும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நீங்களே ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார் என்கிறீர்கள். எல்3யும் இடுப்பெலும்பும்தான் பார்க்க வேண்டிய இடங்கள்.

ஒன்று கேட்கிறேன், விழுந்த விஷயத்தை ஸ்கேன் எடுத்த இடத்தில் சொன்னீர்களா? எங்களுக்கு இது தினசரித் தலைவலி. பாரத்தில் "அடிபட்டதுண்டா, ஆபரேஷன் செய்ததுண்டா, பல் பிடுங்கியதுண்டா" என்று கேட்டிருக்கும், கூட வந்தவர் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். பழைய எக்ஸ்ரே இருந்தால் தேடி எடுத்துக்கொண்டு ஸ்கேன் எடுத்த இடத்துக்கே போங்கள், அங்கிருக்கும் நியூக்ளியர் மெடிசின் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்பெக்ட் சி.டி. வசதி இருந்தால் சந்தேகமான இடத்தை மட்டும் எடுப்பார்கள். கேமரா உடம்பைச் சுற்றிவந்து எடுக்கும், அதன்மேல் சி.டி. படத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள், முதுகெலும்பில் புள்ளி மூட்டில் இருக்கிறதா எலும்புக்குள் இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். மருந்து இறங்கியிருக்கும் என்பதால் திரும்ப ஒரு ஊசி போட வேண்டியிருக்கும்.

தங்கை விஷயம். டெக்னீசியம்-99எம்மின் அரை ஆயுள் 6 மணி நேரம். அதாவது ஒரு நாளில் தானாகவே பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும், போதாததற்குப் போட்டதில் பாதிக்கு மேல் சிறுநீரில் போய்விடும், அதனால்தான் தண்ணீர் குடிக்கச் சொல்லி உயிரை வாங்குகிறோம். ஊசி போட்ட அன்று கர்ப்பிணியும் கைக்குழந்தையும் நெருங்கி நெடுநேரம் உட்கார வேண்டாம் என்பது ஒரு முன்ஜாக்கிரதை. நேற்று எடுத்தது என்றால் இந்நேரம் பயப்பட ஒன்றும் இல்லை. சித்தப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஒரு போன் ஸ்கேனில் கிடைப்பது சுமார் 4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கும்போதே உலக சராசரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரைப் பக்கம் கதிரியக்கமுள்ள மோனசைட் மணலால் அது இன்னும் கூடுதல். அந்த ஊசி இருக்கிற கேன்சரைக் கிளப்பிவிடும் என்பதெல்லாம் கதை.

பழைய கெமிஸ்ட்ரி வாத்தியார்:

நல்ல விளக்கம். கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டெக்னீசியத்துக்கு நிலையான ஐசோடோப் (கதிரியக்கம் இல்லாத வடிவம்) ஒன்றுகூடக் கிடையாது, 1937இல் இத்தாலியின் பலெர்மோவில் பெரியரும் செக்ரேயும் கண்டுபிடித்தபோது இதனால் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியிருக்கும். இப்போது, சிதைந்து டெக்னீசியமாக மாறும் மாலிப்டினம்-99 அடைத்த ஒரு பெட்டியை (ஜெனரேட்டர் என்பார்கள்) ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு காலையில் உப்புநீர் விட்டுக் கறக்கிறார்கள். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம், அதனால் வாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வந்தால் ஓட்டிவிடலாம். 2009, 2010இல் மாலிப்டினம் தயாரிக்கும் அணு உலைகளான கனடாவின் சாக் ரிவர் உலையும் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க மூடியபோது உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின.

அந்த எம்.டி.பி. மருந்தை 1975இல் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் சிராக்யூஸில் இருந்த கோபால் சுப்பிரமணியன், ஜான் மக்காஃபி குழுவினர். பெயரைக் கவனித்தீர்களா? நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

மறுபடியும் தேநீர் (புற்றுநோய் மருத்துவர்):

நோயாளியைப் பார்க்காமல் ரிப்போர்ட் சொல்லக்கூடாது, அதனால் பொதுவாகவே எழுதுகிறேன். திங்கட்கிழமை டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு உதவும்.

முதலில், ஸ்கேன் எழுதியது சரியான முடிவு. பி.எஸ்.ஏ. 10க்குக் கீழே, கிளீசன் 6 என்று வருகிறவர்களுக்கு எலும்பு வலி இல்லாவிட்டால் போன் ஸ்கேன் தேவையே இல்லை, அவர்களுக்கு எடுத்தால் தேய்மானப் புள்ளிகளைப் பார்த்துப் பயப்படுவதுதான் மிச்சம். உங்கள் அப்பாவுக்கு 46, கிளீசன் 8. கட்டாயம் பார்க்க வேண்டிய வகை.

இப்போது நிஜமான விஷயம். மேலே நண்பர் விலா எலும்பைப் பற்றி எழுதியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் கேன்சரில் எத்தனை இடம், எந்த இடம் என்பதை வைத்துச் சிகிச்சை மாறுகிறது. 2015இல் வந்த சார்டட் ஆய்வில் ஒரு கணக்கு வைத்தார்கள், இன்றும் அதைத்தான் பார்க்கிறோம்: நுரையீரல், கல்லீரல் போன்ற உறுப்புகளுக்குப் போயிருந்தாலோ, எலும்பில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட இடம் இருந்து அதில் ஒன்றாவது முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் வெளியே இருந்தாலோ அது அதிக அளவு நோய். இல்லையென்றால் குறைந்த அளவு. உங்கள் ரிப்போர்ட்டை அப்படியே நம்பினால் எல்3, இடுப்பு, இரண்டு விலா: நான்கு இடம், விலா வெளியே இருக்கிறது, எனவே அதிக அளவு. விலா இரண்டும் ஸ்கூட்டர் அடி என்று தெரிந்தால்? குறைந்த அளவு. இந்த வித்தியாசம் காகிதத்தோடு நிற்பதில்லை. 2018இல் வெளியான ஸ்டாம்பீட் ஆய்வில், பரவல் குறைவாக இருந்தவர்களுக்கு வழக்கமான மருந்தோடு புராஸ்டேட்டுக்கும் ரேடியேஷன் கொடுத்தபோது மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம், கொடுக்காதவர்களில் 73. பரவல் அதிகமாக இருந்தவர்களுக்கு அந்த லாபம் இல்லை. ஆக அப்பாவின் ஸ்கூட்டர் கதை கேஸ் ஷீட்டில் ஏறுகிறதா இல்லையா என்பதில் ஒரு சிகிச்சையே அடங்கியிருக்கிறது.

பெட் பற்றி. சாதாரணமாகச் சொல்கிற சர்க்கரை பெட், அதாவது எஃப்.டி.ஜி., புராஸ்டேட்டுக்கு அவ்வளவு உதவாது. நீங்கள் கேட்க வேண்டியது பி.எஸ்.எம்.ஏ. பெட். அது எலும்பின் எதிர்வினையைப் பார்க்காமல் புராஸ்டேட் கேன்சர் செல்லின் மேலிருக்கும் புரதத்தையே தேடிப் போகிறது. 2020இல் ஆஸ்திரேலியாவில் 302 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அதன் துல்லியம் 92 சதவீதம், போன் ஸ்கேனும் சி.டி.யும் சேர்ந்து 65. அப்படியானால் எல்லோருக்கும் அதையே எடுத்துவிடலாமே என்றால், செலவு பல மடங்கு, எல்லா ஊரிலும் இல்லை. அதிலும் ஆறிவரும் விலா முறிவு லேசாக மின்னுவது உண்டு, அங்கேயும் இதே பஞ்சாயத்துதான். மேலே சொன்ன கணக்கெல்லாம் போன் ஸ்கேனை வைத்துப் போட்டது என்பதையும் மறக்கக்கூடாது. என் அபிப்பிராயம்: ஸ்பெக்ட் சி.டி.யில் தெளிவாகாவிட்டால், வசதியும் இருந்தால், பி.எஸ்.எம்.ஏ. எடுங்கள், ஹார்மோன் ஊசி ஆரம்பிக்கும் முன் எடுத்தால் நல்லது. எல்3 ஒன்றுதான் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. போதும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. போன் ஸ்கேன் சுத்தமாக இருந்தால் எலும்பில் எதுவும் இல்லை என்று எல்லாக் கேன்சருக்கும் சொல்ல முடியாது. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைக் கேன்சர் எலும்பை அரித்துக்கொண்டே போகும், எலும்பு பதிலுக்கு வளராது, அதனால் ஸ்கேனில் பல நேரம் ஒன்றுமே தெரியாது. எக்ஸ்ரேயிலோ எலும்பின் தாது 30 முதல் 50 சதவீதம் போன பிறகுதான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு.

அப்பாவுக்குத் திடீரென்று கால் பலம் குறைந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடில்லாமல் போனாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போங்கள். தண்டுவடம் அழுந்தினால் மணிக்கணக்கில் நிலைமை மாறிவிடும்.

சேலத்து அக்கா:

தம்பி, எனக்கு மார்பகப் புற்றுநோய், எலும்புக்கு வந்து ஹார்மோன் மாத்திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பும் பழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, எனக்கும் அப்படித்தான் வந்தது, பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன், யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

நான் எழுத வந்தது வேறு. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் எடுத்த ஸ்கேனில் பழைய புள்ளி எல்லாம் இன்னும் கறுப்பாகவும், புதிதாக ஒன்றிரண்டும் வந்திருந்தன. ஆனால் வலியோ குறைந்திருந்தது, ராத்திரி புரண்டு படுக்க முடிந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரு இடத்தில் மாற்றவே எழுதிவிட்டார்கள். நல்லவேளை எங்கள் டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து பிடித்து எலும்பு ஆறும்போதும் இப்படிக் கறுக்குமாம், ஃபிளேர் என்றார். ரத்தத்தில் மார்க்கர் (கேன்சரின் அளவைக் காட்டும் பொருள்) இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே காத்திருந்தோம், அடுத்த ஸ்கேனில் மங்கிவிட்டது. உங்கள் அப்பாவுக்கும் சிகிச்சைக்குப் பிறகு எடுக்கிற முதல் ஸ்கேன் மோசமாக வந்தால் உடனே இடிந்துபோகாதீர்கள், பி.எஸ்.ஏ. என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

எலும்பைக் கெட்டியாக்கும் ஊசி (சோலிட்ரானிக் ஆசிட்) போடச் சொன்னால் அதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கிடக்கும் அபாயம் உண்டு. எனக்கு இதைச் சொல்லித்தந்தது பக்கத்துப் படுக்கைக்காரம்மா.

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக எழுதுகிறேன். பழைய எக்ஸ்ரே பரண்மேல் கிடைத்தது, அதில் 7ஆம் விலாவில் கீறல் தெளிவாகவே இருக்கிறது, அப்போது "சுளுக்கு" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு விட்டுவிட்டார் அப்பா. அதைக் கொண்டுபோய்க் காட்டினோம், ஸ்பெக்ட் சி.டி. எடுத்தார்கள். விலா இரண்டும் ஆறிவரும் முறிவு, எல்3யில் இருப்பது பின்பக்க மூட்டின் தேய்மானம் என்று எழுதியிருக்கிறார்கள். இடுப்பெலும்பில் இருப்பது மட்டும் சந்தேகம்தான், சி.டி.யில் அந்த இடம் வெள்ளையாகக் கெட்டிப்பட்டுத் தெரிகிறது என்றார்கள். யூராலஜி டாக்டர் கேன்சர் டாக்டரிடம் அனுப்பினார், அவர் பி.எஸ்.எம்.ஏ. எடுக்கச் சொன்னார், கடன் வாங்கி எடுத்துவிட்டோம். இடுப்பெலும்பில் அந்த ஓர் இடமும் வயிற்றுக்குக் கீழே ஒரு நெறிக்கட்டியும் மின்னியது, வேறு எங்கும் இல்லை.

பரவியிருக்கிறது என்பது உறுதி. அம்மா அழுதார்கள். ஆனால் முதல் ரிப்போர்ட்டில் நினைத்ததுபோல உடம்பெல்லாம் இல்லை. ஹார்மோன் ஊசி போட்டாயிற்று, கூடவே மாத்திரை, பிறகு புராஸ்டேட்டுக்கும் அந்த இடுப்பெலும்புக்கும் ரேடியேஷன் கொடுக்கலாம் என்கிறார்கள். மருத்துவர் ஐயா சொன்ன கணக்கை நானே கேட்டேன், "யார் சொன்னது" என்று சிரித்தார்.

கடைசியாக ஒன்று. அடுத்த போன் ஸ்கேனைச் சென்னையில் மச்சான் வீட்டுக்குப் போகும்போது அங்கே எடுத்துக்கொள்ளலாமா, இங்கேயே எடுக்க வேண்டுமா?

காமா கேமரா:

முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். கேமரா மாறினால், ஊசிக்கும் படத்துக்கும் நடுவே விடுகிற நேரம் மாறினால், அதே புள்ளி கூடக் குறையத் தெரியும், அப்புறம் நோய் கூடியதா கருவி மாறியதா என்று குழப்பம். சென்னையில்தான் எடுப்பது என்றால் பழைய ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் இருக்கும் டிஸ்க்கை இங்கே கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், கேட்டால்தான் தருவார்கள். ஸ்பெக்ட் சி.டி., பி.எஸ்.எம்.ஏ. இரண்டின் டிஸ்க்கும் சேர்த்து. விலா எக்ஸ்ரேயையும் அதே பையில் போட்டுவிடுங்கள், பாரத்தில் இந்த முறை "அடிபட்டதுண்டு" என்று டிக் போடுங்கள். படம் எடுக்கப் படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். ஒரு சொட்டு வேட்டியில் பட்டால்கூட இடுப்பெலும்பின்மேல் புதுப் புள்ளி மாதிரித் தெரியும். அப்பாவுக்கு அந்த இடத்தில் ஏற்கெனவே ஒன்று இருப்பதால் பார்க்கிறவருக்குச் சந்தேகம் வந்துவிடும், அதனால் மாற்று வேட்டி ஒன்று கையில் இருக்கட்டும்.